யூரிக் அமிலமும் நமது சோதனைத் தாளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

இசையும் நாடகமும் அறுசுவை உணவும் நிறைந்த இவ்விழா நாளில், சிறுநீரைப் பற்றிப் பேசுவதற்கென ஒருவர் மேடை ஏறினால் அவையோர் புன்முறுவல் பூப்பது இயல்பே. தலைப்பைக் கேட்டவுடன் நம் செயலாளர் அவர்களும் சற்றுத் தயங்கினார். "உணவுக்கு முன் வேண்டா, பின்னர் வைத்துக்கொள்வோம்" என்று அன்போடு நேரத்தை மாற்றியமைத்தார். அவருக்கு நம் நன்றி. எனினும் இப்பொருளை நாம் தேர்ந்துகொண்டமைக்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. அக்காரணம் நமக்குப் பெருமை தருவதன்று.

நாம் முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற பின்னரும் குடியிருப்பு அன்பர்கள் தத்தம் சோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு நம் வீட்டு வராந்தாவிற்கு வருவதுண்டு. நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் தாளில் உள்ள எண்களின் பொருளை ஓரளவு எடுத்துச் சொல்வோம். அவ்வாறு வந்தவருள் ஒருவர் நம் நெடுநாள் நண்பர். கோக் ஓவன் பகுதியில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு உடையவர். வயது அறுபத்தொன்று. ஒரு மே மாத இரவில் அவருக்கு விலாவிலிருந்து அடிவயிறு வரை பொறுக்கவொண்ணா வலி கண்டது. சிறுநீரகக் கல் என்றனர். வலி தணிந்ததும், இருபத்து நான்கு மணிநேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்து வருமாறு மருத்துவர் எழுதித் தந்தார்.

தாள் வந்தது. யூரிக் அமிலம் 310 மில்லிகிராம் என்று அதில் இருந்தது. பக்கத்திலேயே, 250 முதல் 750 வரை இயல்பு என்று அச்சிடப்பட்டிருந்தது. நண்பர் அதனை நம்மிடம் நீட்டினார். நாமும் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "நன்றாகவே இருக்கிறது, கவலை வேண்டா" என்று சொல்லி அனுப்பினோம். அவர் மகிழ்ந்து வீடு சென்றார். இயல்பான தாளுக்கு மருத்துவர் எதற்கு என்று எண்ணி, மீண்டும் மருத்துவமனைப் பக்கம் செல்லவேயில்லை.

அவர் துணைவியார் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று, யாரோ சொல்லக் கேட்டு, வீட்டில் பருப்பை அறவே நிறுத்திவிட்டார். சாம்பார் போயிற்று. அடை போயிற்று. பருப்பில்லாத மிளகு ரசமும் வற்றல் குழம்புமாக நான்கு திங்கள் சென்றன. நவராத்திரி வந்தது. நம் வீட்டுக் கொலுவிற்குக் குடும்பத்துடன் வந்த நண்பர், கொண்டைக்கடலைச் சுண்டலைக் கையால் தள்ளிவைத்தார். அன்றிரவே இரண்டாவது கல் வழியை அடைத்தது. ஒருபுறச் சிறுநீரகம் வீங்கிவிட்டது. விடியுமுன் மருத்துவமனையில் குழாய் வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அங்கே சென்ற நம்மைப் பார்த்து அந்த அம்மையார் கேட்டார்: "அண்ணா, நாலு மாசமா ஒரு பிடி பருப்புகூடச் சாப்பிடலையே, டெஸ்டும் நார்மல்னுதானே சொன்னீங்க, அப்புறம் ஏன் கல் வந்தது?"

அந்த வினாவிற்கு அப்பொழுது நம்மிடம் விடையில்லை. வீட்டிற்கு வந்து பழைய தாளை வாங்கி முழுமையாகப் படித்தோம். விடை அத்தாளிலேயே, நாம் பாராது விட்ட மூன்று வரிகளில் இருந்தது. அந்த வரிகளை உங்கள் அனைவர்க்கும் காட்டுவதே இச்சொற்பொழிவின் நோக்கம். நண்பரும் அவர் துணைவியாரும் இன்று இவ்வவையில் அமர்ந்துள்ளனர். அவர்கள் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றோம்.

முதற்கண், யூரிக் அமிலம் என்பது யாது? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 'ப்யூரின்' என்னும் பொருள் உண்டு. பழைய அணுக்கள் அழியும்போதும், நாம் உண்ணும் உணவு செரிக்கும்போதும் அந்தப் ப்யூரின் சிதைந்து முடிவில் யூரிக் அமிலமாகின்றது. வயலுக்கு இடும் யூரியாவும் இதுவும் ஒன்றெனச் சிலர் கருதுவர். அவை வேறு வேறு. யூரியா புரதத்தின் கழிவு. நீரில் எளிதிற் கரைவது. யூரிக் அமிலமோ எளிதிற் கரையாதது. காக்கையும் புறாவும் நம் மாடியில் இட்டுச் செல்லும் வெண்ணிற எச்சத்தைப் பாருங்கள். அவ்வெண்மையிற் பெரும்பகுதி யூரிக் அமிலமே.

நாய், பசு முதலிய பெரும்பாலான விலங்குகளின் உடலில் யூரிகேஸ் என்னும் நொதி இருந்து, இவ்வமிலத்தை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றது. மனிதன் அந்நொதியைப் பரிணாம வழியில் இழந்துவிட்டான். ஆதலின் நம் உடலில் நாள்தோறும் உண்டாகும் யூரிக் அமிலத்தை அப்படியே வெளியேற்றியாக வேண்டும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும் ஒரு பங்கு குடலின் வழியாகவும் செல்கின்றது. கரைய மறுக்கும் பொருளை நீரில் கரைத்து அனுப்ப வேண்டியுள்ளது. இதுவே நம் இடர்ப்பாட்டின் வேர்.

இதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாறும் சுவையானது. 1776-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே, சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து இவ்வமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1797-இல் ஆங்கிலேயரான வொல்லாஸ்டன், 'கவுட்' எனப்படும் மூட்டு நோயில் தோன்றும் கட்டியில் இதன் உப்பு இருப்பதைக் கண்டார். 1848-இல் இலண்டன் மருத்துவர் காரட், நோயாளியின் குருதியிலேயே இதன் மிகுதியைக் காட்டினார். பின்னர் அவர் அமைத்த சோதனை எளியது: குருதி நீரில் சிறிது அசெட்டிக் அமிலம் சேர்த்து, அதில் ஒரு நூலை இட்டு வைத்தார், நூலின் மேல் படிகங்கள் படிந்தன. இன்று பொறிகள் சில நிமிடங்களில் எண்ணைத் தந்துவிடுகின்றன. அந்த எண்ணுக்குப் பொருள் காண்பது மட்டும் இன்னும் மனிதர் வேலையாகவே உள்ளது.

குருதியிற் பார்ப்பதும் சிறுநீரிற் பார்ப்பதும் இரண்டு தனித்தனிச் சோதனைகள் என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். குருதிச் சோதனை, உடலில் எவ்வளவு தேங்கியுள்ளது என்பதைக் காட்டும். சிறுநீர்ச் சோதனை, ஒரு நாளில் எவ்வளவு வெளியேறியது என்பதைக் காட்டும். ஒன்று இருப்புக் கணக்கு, மற்றொன்று செலவுக் கணக்கு. இரண்டின் அளவுகளும் அலகுகளும் வேறு. குருதியில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பர். ஆண்களுக்கு ஏறக்குறைய 7 வரையும் பெண்களுக்கு 6 வரையும் இயல்பு என்று பல ஆய்வுக்கூடங்கள் குறிக்கும். சிறுநீரில் ஒரு நாளைக்கு இத்தனை மில்லிகிராம் என்பர். பொதுவாக 250 முதல் 750 வரை. சில தாள்களில் மில்லிமோல் என்ற அலகு இருக்கும். அதன்படி இதுவே 1.48 முதல் 4.43 வரை ஆகும். சிறிய எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டா, பெரிய எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டா; முதலில் அலகைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் எல்லைகள் சற்றே மாறுபடும். ஆதலின் அந்தந்தத் தாளில் அச்சிட்ட எல்லையோடு ஒப்பிடுவதே முறை.

இனி, நாம் பாராது விட்ட முதல் வரிக்கு வருவோம். அது கிரியேட்டினின். நண்பரின் தாளில் யூரிக் அமிலத்திற்குக் கீழே, 'கிரியேட்டினின் 640 மில்லிகிராம்' என்று எழுதியிருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. ஒருவர் உடலிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுவது. ஆண்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 20 முதல் 25 மில்லிகிராம், பெண்களுக்கு 15 முதல் 20 என்பது பொதுக்கணக்கு. முதியோர்க்குச் சற்றுக் குறையும். நண்பரின் எடை 70 கிலோ. அவருக்கு 1,400-ஐ ஒட்டி வந்திருக்கவேண்டும். 640 வந்தது எனின் என்ன பொருள்? ஒரு நாளைச் சிறுநீரிற் பாதிக்குமேல் கேனுக்குள் சேரவேயில்லை என்பதே பொருள்.

கேட்டோம். "கேனைக் கொடுத்தவர் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். காலையிற் கோயிலுக்குப் போயிருந்தேன், மாலையிற் சந்தைக்குப் போயிருந்தேன், அப்போதெல்லாம் வெளியிலேயே கழித்துவிட்டேன்" என்றார். கொடுத்தவரும் விளக்கவில்லை, இவரும் கேட்கவில்லை, நாமும் வினவவில்லை. பாதி மூட்டை நெல்லை நிறுத்துவிட்டு, விளைச்சல் இவ்வளவே என்று முடிவு செய்ததைப் போன்றது நம் செயல்.

ஆகையால் சேகரிக்கும் முறையைத் தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். வீட்டில் முதியோர்க்கு இதனை நடத்திக்கொடுப்பவர்கள் நீங்களே. காலை ஆறு மணிக்குத் தொடங்குவதாகக் கொள்வோம். ஆறு மணிக்குக் கழியும் சிறுநீரைச் சேர்க்கலாகாது. அதனைக் கழித்துவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளவேண்டும். அது முந்தைய இரவின் கணக்கு. அதன்பின் பகலிலும் இரவிலும் ஒவ்வொரு முறையும், மலங்கழிக்கச் செல்லும்போதுகூட, ஒரு துளியும் விடாது சேர்க்கவேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கழிவதைக் கேனில் சேர்த்து முடிக்கவேண்டும். முதல் நாள் முதற் சிறுநீர் வெளியே, மறுநாள் முதற் சிறுநீர் உள்ளே. இதனை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. இடையில் ஒருமுறை தவறிவிட்டாலும், ஆய்வுக்கூடத்தாரிடம் ஒளிக்காமல் சொல்லி மறுநாள் புதிதாகத் தொடங்குவதே நேர்மை. வெளியே செல்ல வேண்டாத நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெண்கள் மாதவிலக்கு நாள்களைத் தவிர்க்கவேண்டும்.

கேனில் சிறிதளவு காரப்பொருள் முன்னமே இட்டுத் தருவதுண்டு. யூரிக் அமிலம் அடியிற் படியாமல் கரைந்தே இருப்பதற்காக இடுவது அது. கைபட்டால் புண்ணாக்கும். கொட்டிவிட்டுக் கழுவிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளிர்ந்தால் யூரிக் அமிலம் படிகமாகிவிடும் இயல்புடையது. ஆதலின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்பதை ஆய்வுக்கூடத்தாரிடமே கேட்டு, அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

உணவு எவ்வாறு? வழக்கம்போல் உண்ணவேண்டும். சோதனை நாளில் மட்டும் விரதமிருந்து நல்ல எண்ணைப் பெறுவது, தேர்வில் பிறர் தாளைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பாகும். உண்ணும் மருந்துகளையும் எழுதிக் கொடுக்கவேண்டும். இரத்த அழுத்தத்திற்குத் தரும் தையசைடு மாத்திரைகள், நெஞ்சு நோய்க்குச் சிறு அளவில் தரும் ஆஸ்பிரின், காசநோய்க்குத் தரும் பைரசினமைடு ஆகியவை யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைக்கும். லோசார்ட்டான், புரொபெனெசிட் போன்றவை மிகுதியாக வெளியேற்றும். அல்லோப்யூரினாலும் ஃபெபுக்சோஸ்டாட்டும் யூரிக் அமிலம் உண்டாவதையே குறைப்பதால் இரு கணக்கிலும் எண் இறங்கும். எம்மருந்தையும் சோதனைக்காகத் தாமே நிறுத்தலாகாது; மருத்துவர் சொன்னாலன்றி.

இனி, எண்ணை எவ்வாறு பொருள் கொள்வது? இருப்புக் கணக்கையும் செலவுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். குருதியில் மிகுதி, சிறுநீரில் குறைவு அல்லது இயல்பு எனில், உடல் வெளியேற்றத் தவறுகின்றது என்று பொருள். கவுட் நோயாளருள் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. சிறுநீரகம் தளர்ந்தோரும் மேற்சொன்ன சில மருந்துகளை உண்போரும் இதில் அடங்குவர். ஆதலின் சிறுநீரில் எண் குறைந்துள்ளது என்று மகிழ்வது சிலருக்குப் பெரும் பிழையாகும். போகவேண்டியது போகாமல் உள்ளே தங்குகின்றது என்பதன் அடையாளம் அது. குருதியிலும் மிகுதி, சிறுநீரிலும் மிகுதி எனில், உடல் அளவுக்கு மீறி உண்டாக்குகின்றது. ஈரல், மூளை போன்ற உறுப்பிறைச்சியும் மதுவும் மிகுதியாகக் கொள்வோரிடமும், அணுக்கள் விரைந்து பெருகி அழியும் சில குருதி நோய்களிலும் இதனைக் காணலாம். குருதியில் இயல்பு, சிறுநீரில் மட்டும் மிகுதி எனில் உணவோ மருந்தோ காரணமாகலாம்; கல் உண்டாகும் வாய்ப்பையும் மருத்துவர் கருதுவார். ஆண்களுக்கு நாளொன்றுக்கு 800-க்கும் பெண்களுக்கு 750-க்கும் மேற்பட்டால் மிகுதி என்பது பரவலாகக் கொள்ளப்பெறும் எல்லை. குருதியில் மிகக் குறைந்து சிறுநீரில் மிகுந்தால், சிறுநீரகம் தேக்கி வைக்கவேண்டியதையும் சிந்திவிடுகின்றது என்று கொள்ளலாம், இஃது அரிது.

கவுட் உடையோர் அனைவர்க்கும் இருபத்து நான்கு மணிநேரச் சோதனை தேவை என்று எண்ணவும் வேண்டா. பெரும்பாலோர்க்குக் குருதிச் சோதனையே போதும். மீண்டும் மீண்டும் கல் தோன்றுவோர்க்கும், மருத்துவர் தனிக் காரணம் தேடுவோர்க்குமே இச்சோதனை பெரிதும் பயன்படுகின்றது.

நண்பரின் கதைக்கு மீள்வோம். குழாய் வைத்துச் சில வாரங்களுக்குப்பின், முறைப்படி மீண்டும் சேகரித்தார். யூரிக் அமிலம் 690, கிரியேட்டினின் 1,380. இம்முறை கணக்கு நேரானது. ஆனால் 690-உம் 750-க்கு உட்பட்டதுதானே? அந்த அம்மையாரின் வினா இன்னும் நின்றது: இயல்பாயிருந்தும் ஏன் கல்?

இங்கேதான் நாம் பாராது விட்ட இரண்டாம், மூன்றாம் வரிகள் பேசுகின்றன. இரண்டாம் வரி, சிறுநீரின் மொத்த அளவு. முழுமையாகச் சேகரித்தும் 1,200 மில்லிலிட்டர்தான் இருந்தது. மூன்றாம் வரி பி.எச். எனப்படும் அமிலத்தன்மையின் அளவு. அது 5.0. இந்த எண் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு அமிலத்தன்மை மிகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1,200 மில்லிலிட்டரில் 690 மில்லிகிராம் எனின், ஒரு லிட்டருக்கு 575 மில்லிகிராம். பி.எச். 5 ஆக உள்ள ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் யூரிக் அமிலமே கரையும். எஞ்சியதற்குக் கரைய இடமில்லை. அதுவே மணலாகின்றது, கல்லாகின்றது. அதே சிறுநீர் பி.எச். 7-ஐ அடைந்தால், பத்து மடங்கிற்கும் மேலாகக் கரையும். அப்போது 575 என்பது ஒரு பொருட்டேயன்று. ஒரு குவளைத் தண்ணீரில் இட்ட சர்க்கரை கரைவதும் அடியில் தங்குவதும் சர்க்கரையின் அளவை மட்டும் பொறுத்ததன்று. நீர் எவ்வளவு, சூடா குளிர்ச்சியா என்பதையும் பொறுத்தது. சிறுநீரில் அந்தச் சூட்டின் இடத்தில் அமிலத்தன்மை நிற்கின்றது. யூரிக் அமிலக் கல் உடையோர் பலருக்கும் வெளியேறும் யூரிக் அமிலத்தின் அளவு இயல்பாகவே இருக்கும்; சிறுநீரின் அமிலத்தன்மையே முதற்குற்றவாளியாகும். நீரிழிவும் உடற்பருமனும் உடையோர்க்குச் சிறுநீர் அமிலத்தன்மை மிகுந்திருப்பது வழக்கம் என்பதையும் இன்றைய மருத்துவம் உறுதி செய்துள்ளது.

நம் பிலாய் நகருக்கு இதில் தனித்தொடர்பு ஒன்றுண்டு. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்கள் இங்கு முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்த காலந்தொட்டு, நம்மவர் பலர் அனலருகே நின்று உழைத்துள்ளனர். மே மாதத்தில் வெளியிலேயே 40 பாகைக்கு மேற்படும் வெயில். உள்ளே உலையின் வெப்பம் வேறு. உடல் நீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் சுண்டிக் கெட்டியாகின்றது. இத்தாலி நாட்டில் கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளரை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தருகே நின்றோருக்குக் கற்கள் மிகுதி என்றும், அவற்றுள் யூரிக் அமிலக் கற்கள் கணிசமானவை என்றும் கண்டனர். "ஷிப்டில் அடிக்கடி வெளியே போகக்கூடாதே என்று தண்ணீரைக் குறைத்தேன், அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பின்னும் போகவில்லை" என்று நண்பர் கூறியதை இங்கு அமர்ந்துள்ளோர் பலர் தம் கதையாகவே உணர்வீர்கள்.

பருப்பின் மீது சுமத்தப்பட்ட பழியையும் துடைத்துவிடுவோம். 2004-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று, 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தது. இறைச்சியும் கடல் மீனும் மிகுதியாக உண்டோர்க்குக் கவுட் வரும் வாய்ப்பு மிகுந்தது. ப்யூரின் மிகுந்த பயறு, கீரை, காளான் முதலியவற்றை உண்டோர்க்கு மிகவில்லை. பாலும் பாற்பொருளும் உண்டோர்க்கு அவ்வாய்ப்புக் குறைந்தே காணப்பட்டது. அவ்வாய்வு கவுட் நோயைப் பற்றியது. கல்லுக்கு மருத்துவர் வேறு அறிவுரை கூறினால் அதனையே கேட்கவேண்டும். எனினும் ஒரு கிண்ணச் சாம்பாருக்கு அஞ்சி, புரதத்திற்குப் பருப்பையே நம்பியிருக்கும் மரக்கறிக் குடும்பத்து முதியவரை மெலியவிடுவதற்கு எந்நியாயமும் இல்லை. அஞ்சவேண்டியவை வேறு: ஈரல் முதலிய உறுப்பிறைச்சி, அளவுக்கு மீறிய ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி போன்ற மீன்கள், பீர் முதலிய மது, சர்க்கரை நிறைந்த புட்டிப் பானங்கள். கோடையில் தாகத்திற்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் அந்தப் பானங்களைவிட, நம் மோரும் எலுமிச்சை பிழிந்த நீரும் எவ்வளவோ மேல்.

சிறுநீரின் சாதாரணச் சோதனையில் 'யூரிக் அமிலப் படிகங்கள் காணப்பட்டன' என்று ஒரு வரி வந்தாலும் பலர் கலங்குகின்றனர். சிறுநீர் ஆறினாலே படிகம் தோன்றக்கூடும். அதுவே நோயன்று. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் துணியில் செங்கற்பொடி நிறத்தில் கறை கண்டு, இரத்தம் என்று அலறி ஓடிவந்த இளந்தாய்மாரையும் நாம் கண்டதுண்டு. முதற் சில நாள்களில் அது பெரும்பாலும் யூரிக் அமிலப் படிகமே. பால் நன்கு குடிக்கத் தொடங்கியதும் மறையும். மறையாவிடின், அல்லது குழந்தை பால் குடிக்கச் சோர்ந்தால், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நண்பருக்கு என்னாயிற்று? வழியை அடைத்த கல்லை எடுத்து ஆய்ந்ததில், அது யூரிக் அமிலக் கல்லே என்று தெரிந்தது. சிறுநீரகத்துள் மற்றொரு கல், 11 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். ஆனால் இறைவன் இக்கல்லுக்கு ஓர் இரக்கம் வைத்துள்ளான்: கற்களுள் மருந்தால் கரையக்கூடியது இதுவே எனலாம். மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் தந்தார். பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையே இருக்கின்றதா என்று வீட்டிலேயே தாளைத் தோய்த்துப் பார்க்கச் சொன்னார். 7-ஐக் கடந்தால் வேறுவகைக் கல் வரக்கூடும் என்று எச்சரித்தார். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் அருந்தச் சொன்னார். தைப்பொங்கலன்று ஸ்கேனில் கல் 4 மில்லிமீட்டர். பங்குனியில் கல்லே இல்லை. வீட்டில் சாம்பார் மீண்டும் கொதித்தது.

ஒன்று கூறி எச்சரிக்கவேண்டும். சிறுநீரகம் தளர்ந்தோர்க்குப் பொட்டாசியம் கேடு விளைக்கும். இதய நோயுடையோர்க்கு மிகுதியான நீரும் ஆகாது. சமையற் சோடாவைத் தாமே கரைத்துக் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். ஆகையால் நண்பர் உண்ட மருந்தை மற்றவர் கேட்டு வாங்கி உண்ணலாகாது. அது அவர் தாளுக்கு மருத்துவர் எழுதிய விடை. உங்கள் தாளுக்கு விடை வேறாகலாம்.

அன்பர்களே! இனி எவர் இச்சோதனைத் தாளைக் கையில் எடுத்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டே எண்ணைப் படியுங்கள். முழுமையாகச் சேகரித்தோமா? கிரியேட்டினின் அதற்குச் சான்று கூறுகின்றதா? மொத்தச் சிறுநீர் எவ்வளவு? பி.எச். எவ்வளவு? குருதியில் எவ்வளவு? இவ்வைந்தையும் பார்த்தபின், எண் இயல்பாயினும் மிகுதியாயினும் குறைவாயினும், தாளைச் சோதனை எழுதித் தந்த மருத்துவரிடமே கொண்டு செல்லுங்கள். 'நார்மல்' என்ற சொல்லைக் கேட்டு வீட்டிலேயே மடித்து வைத்துவிடாதீர்கள். நம் வராந்தாவில் அமர்ந்து அந்தச் சொல்லைச் சொன்னவர்களே நாம். ஒரு நண்பரின் சிறுநீரகம் அதற்கு விலை கொடுக்க இருந்தது. அப்பிழையை இவ்வவை முன் ஒப்புக்கொள்வதால் நமக்குச் சிறுமை நேராது. இன்னொரு வீட்டில் அது நிகழாதிருக்குமேல் நமக்கு அதுவே நிறைவாகும்.

சென்ற நவராத்திரியில் நண்பர் குடும்பத்துடன் மீண்டும் கொலுவிற்கு வந்தார். சுண்டலை இருமுறை கேட்டு வாங்கி உண்டார். உடன் ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தார்.